ஒத்த ரூவா

களக்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே
வாழைத்தார் லாரிகள் நிற்கும் வளைவில்
கொம்பையா கடை.
நாங்குநேரியிலிருந்து எங்கள் மினிபஸ்
நாலு ஐந்துக்கு வரும், நாலே காலுக்குக் கிளம்பும்.
டிரைவர் மூத்திரம் போக, நான் டீ குடிக்க.

வண்டியில் அதுவரை
நாற்பது பேர் காதுக்குள் நாற்பது ஊர்.
ஒருத்தி மாமியாரை வீடியோவில் வைத்துக்கொண்டே
டிக்கெட்டுக்குக் கை நீட்டுவாள்.
ஏத்தன்காய் இன்றைக்கு என்ன விலை என்று
கமிஷன் கடைப் பையன் கத்துவான்.
பின் சீட்டில் யாரோ ஒரே வரியைப்
பதினெட்டுத் தடவை பாடவிடுவார்கள்.

கொம்பையா கல்லாப் பக்கத்தில் ஒரு பெட்டி,
சோப்பு டப்பா அளவு.
பணம் வந்தால் பேசும்.
ஒருநாளும் தொண்டை கட்டாத பொம்பளைக் குரல்:
"பத்து ரூபாய் பெறப்பட்டது.
இருபத்திரண்டு ரூபாய் பெறப்பட்டது."
எங்கள் பக்கத்தில் எவரும்
'பெறப்பட்டது' என்று பேசி நான் கேட்டதில்லை.

சித்திரையில் ஒருநாள் அது
"ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது.
"எவம்ல அது, ஒத்த ரூவாய்க்கு டீ குடிச்சவன்?"
பெஞ்சில் நாலு பேர். நாலு பேரும்
களவில் மாட்டினவர்கள் போல
போனைத் திறந்து காட்டினோம்.
கல்லாவுக்குள் கிடந்த தன் போனை எடுத்தார்.
கண்ணாடி நெற்றிக்கு ஏறியது, இறங்கியது.
கல்லாவைச் சாத்தினார்.
"உமக்குச் சீனி கம்மிதான வே" என்றார்.
அப்படி நான் என்றைக்கும் சொன்னதில்லை.

மறுநாள் நாலு பத்துக்கு ஒத்த ரூவா.
அதற்கு மறுநாளும்.
மாடத்தியக்கா வடை மாவை உருட்டியபடி
எனக்கு மட்டும் கேட்கும்படி
ஒரு பெயர் சொன்னாள்:
பிரம்மசக்தி.
ஓசூரில் கம்பெனி வேலை,
அங்கேயே கல்யாணம்,
இங்கே தலைமுழுக்கு.
மூன்று வருஷமாக அப்பா போனில் அவள் பிளாக்.
ஆனால் கடையில் அந்தக் கட்டம்போட்ட அட்டையை
ஒட்டிவிட்டுப் போனதே அவள்தான்.
அட்டையை எப்படி பிளாக் பண்ண?

பிறகு ஒன்று கவனித்தேன்.
காலையில் பெட்டி முனகும்.
நாலு மணியானால் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.
கேட்டால், லாரி இரைச்சலாம்.
இரண்டு நாள் கரண்டு இல்லாத ஒரு புதன்கிழமை
பெட்டி செத்துக் கிடந்தது.
பஸ் நிற்கும் முன்னே ஓடி வந்தார்:
"பவர்பேங்கு வச்சிருக்கீரா வே?"
சில்லறைகூடக் கேட்டதில்லை அந்த மனுசன் என்னிடம்.

ஐப்பசியில் பதினோரு நாள்
ஒன்றுமில்லை.
பால் பொங்கி அடுப்பை அணைத்தது, இரண்டு தடவை.

பன்னிரண்டாம் நாள் மழை.
நாலு பத்து போனது. நாலு பதினாலு.
டிரைவர் ஆரன் அடிக்கிறான்.
"இரண்டு ரூபாய் பெறப்பட்டது."

ஆற்றிக்கொண்டிருந்த டீ
கிளாசைத் தாண்டி அவர் கைமேல் விழுந்தது.
மாடத்தியக்கா மாவுக் கையோடு வந்து
பெட்டியையே பார்த்தாள்,
இன்னும் ஏதோ சொல்லும் என்பது போல.
"ரெண்டா?"
"ரெண்டுதான்."
"சரியாக் கேட்டியளா?"
பெஞ்சில் ஒரு வெளியூர் ஆள்
"ரெண்டு ரூபாய்க்கு என்னங்க கிடைக்கும் இங்க?"
என்றதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

போனை என் கையில் திணித்தார்.
"இதுல வாங்கத்தான் வே தெரியும்.
அனுப்புறது எப்பிடி?"
"எவ்வளவு?"
"ஆயிரத்தியொண்ணு" என்றாள் அக்கா.
"சும்மா கெட. மொதல்ல ஒத்த ரூவா போடுவோம்.
போய்ச் சேருதான்னு பாப்போம்."

பின் நம்பர் தெரியுமா என்றேன்.
"அவ வச்சதுதான்."

பின் நம்பர் போடுகிறவரைப் பார்க்கக் கூடாது,
அது மரியாதை.
மழைப் பக்கம் திரும்பி நின்றேன்.
டிரைவர் இன்னொரு தரம் ஆரன் அடித்தான்.
நாலே நாலு எண்ணுக்கு
அவ்வளவு நேரம் ஆனது.